பழைய கேமிங் சிஸ்டத்தை மாற்றலாமா? ஃபேன் சத்தம் தாங்காத ஒருவனின் பதில்

சேலத்தில் இருக்கும் நண்பன் போன வாரம் ஒரு கொட்டேஷனைப் படம் எடுத்து அனுப்பி, "மச்சி, பழசைத் தூக்கிப் போட்டுட்டு இதை வாங்கிடவா, இல்ல இருக்கிறதையே தட்டிக்கொட்டி ஓட்டவா?" என்று கேட்டான். 2018-இல் நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே சிஸ்டத்தைத்தான் அசெம்பிள் செய்தோம்: ஏஎம்டியின் ரைசன் 5 1600 ப்ராசஸர், பி350 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டு. நான் இடையில் ப்ராசஸரை 5600 ஆகவும் கார்டை ஆர்எக்ஸ் 6600 ஆகவும் மாற்றிவிட்டேன். அவன் எதையும் தொடவில்லை. இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பார்கள் என்பதால் பதிலைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கொட்டேஷன். ஏஎம்5 போர்டு (ஏஎம்டியின் புதிய சாக்கெட், அதாவது ப்ராசஸர் சிப் உட்காரும் இடம்), புது ரைசன், 32 ஜிபி டிடிஆர்5 ராம். அதில் ராமின் விலை ப்ராசஸரின் விலையைத் தாண்டி நிற்கிறது. கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. 2025 கடைசியிலிருந்தே நிலைமை இதுதான். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பையெல்லாம் வாரிக்கொண்டு போகின்றன, மைக்ரான் நிறுவனம் டிசம்பரில் தன் க்ரூஷியல் ராம், எஸ்எஸ்டி சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்துவிட்டது. ஏஎம்5-இல் டிடிஆர்4 ராமை மாட்ட வழியே கிடையாது. அதனால் "ப்ராசஸர் மட்டும் புதுசு" என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை, போர்டு, ராம் எல்லாம் சேர்ந்துதான் வரும்.

எங்கள் பி350 மாதிரியான பழைய ஏஎம்4 சாக்கெட் போர்டைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுவார்கள், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2017-இல் அந்த சாக்கெட்டில் ரைசன் வந்தபோது 2020 வரை ஆதரவு என்றுதான் ஏஎம்டி சொன்னது. பி350 மாதிரி முதல் தலைமுறை போர்டுகளுக்கு ரைசன் 5000 வரிசை (என் 5600 அதில் ஒன்று) கிடையாது என்று கொஞ்ச காலம் அடம்பிடித்தார்கள். 2022-இல்தான் இறங்கி வந்தார்கள். பயாஸை (போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) மட்டும் புதுப்பித்தால் போதும், முதல் தலைமுறைச் சிப் இருந்த இடத்தில் ஐந்தாண்டு கழித்து வந்த சிப் உட்காருகிறது. அதே காலத்தில் இன்டெல் வாங்கிய என் தம்பிக்கு இந்தக் கொடுப்பினை இல்லை, அங்கே 2018-க்கும் 2024-க்கும் நடுவில் மூன்று தடவை சாக்கெட் மாறிவிட்டது. பயாஸ் போடும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடும் என்ற பயம் மட்டும் உண்டு. இன்வெர்ட்டரை நம்பாதீர்கள், அது மாறும் அந்த ஒரு கணத்திலேயே சில சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் இல்லையென்றால் யாரிடமாவது ஒருநாள் இரவல் வாங்குங்கள்.

ப்ராசஸரை மாற்றியதற்குக் காரணம் வேகம் மட்டுமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் 11 பட்டியலில் ரைசன் 1600 இல்லை. வாலரண்ட் மாதிரி ஆட்டங்கள் விண்டோஸ் 11-இல் டிபிஎம், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகள் இரண்டும் இல்லாமல் உள்ளேயே விடாது. சரி, வேகத்துக்கு வருவோம். எல்லாரும் முதலில் கிராஃபிக்ஸ் கார்டைத்தான் மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன்னால் செய்து பார்க்க ஒன்று இருக்கிறது: உங்களைத் தொல்லைப்படுத்தும் ஆட்டத்தைத் திறந்து ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்) நன்றாக ஏறினால் கார்டுதான் திணறுகிறது. ஏறவே இல்லையென்றால் கார்டு சும்மா உட்கார்ந்து ப்ராசஸருக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். என்னுடையதில் கூட்டம் நிறைந்த தெருக்களில் ஃபிரேம் அசையவே இல்லை. 1600-இன் ஆறு கோர்களும் மூன்று மூன்றாகப் பிரிந்து ஆளுக்கு 8 எம்பி கேஷை (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) வைத்துக்கொண்டிருக்கும், 5600-இல் ஆறும் ஒரே இடத்தில், 32 எம்பி கேஷும் பொது. பூஸ்ட் வேகம் 3.6-இலிருந்து 4.4 கிகாஹெர்ட்ஸ். சராசரி ஃபிரேம் ஏறியது ஒருபக்கம் இருக்கட்டும், ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று ஒரு கணம் நின்று குதிக்குமே, அந்தத் திக்கல் போனதுதான் எனக்குப் பெரிது. பணம் போட்டதற்கு அது ஒன்றே போதும்.

இனி ஃபேன்.

5600 என்பது ரொம்பச் சின்னச் சிலிக்கான் துண்டு. பிரவுசரில் ஒரு டேப் திறந்தால்கூட ஏதோ ஒரு கோர் 4.4-க்குத் தாவும், வெப்பநிலை ஒரே நொடியில் பத்துப் பதினைந்து டிகிரி ஏறும், அடுத்த நொடி இறங்கிவிடும். என் போர்டு அந்த எண்ணைப் பார்த்துத்தான் ஃபேனை ஓட்டுகிறது. அதனால் ஆட்டம் எதுவும் ஓடாமல், சும்மா மெயில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வ்வ்ரூம் என்று ஏறி, இறங்கி, மறுபடி வ்வ்ரூம். தொடர்ந்து ஒரே சத்தமாக இருந்தால் காது பழகிவிடும். இது ஏறி இறங்குகிறதே, அதுதான் கொல்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஏதாவது டவுன்லோடு போட்டுவிட்டுப் படுத்தால் அடுத்த அறையிலிருந்து கேட்கும்.

பயாஸில் ஃபேன் கர்வை (எத்தனை டிகிரிக்கு எவ்வளவு வேகம் என்ற கணக்கு) 65 டிகிரி வரை சமமாக வைத்தேன். டிசம்பர், ஜனவரியில் அமைதி. மே மாதச் சென்னையில், ஏசி போடாத அறையில், சிப் எப்போதும் அந்த எல்லையிலேயே உட்கார்ந்திருக்கும், அதனால் மறுபடி ஆரம்பித்துவிடும். புதிய போர்டுகள் பலவற்றில் ஃபேன் சில நொடி பொறுத்து ஏறுவதற்கு ஓர் அமைப்பு இருக்கிறது, என்னுடையதில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், 1600 பெட்டியில் வந்த ரெய்த் ஸ்பயர் கூலர் 5600 பெட்டியில் வரும் ரெய்த் ஸ்டெல்த்தைவிடப் பெரியது. அதனால் புதியதை எடுத்துவிட்டு பழையதையே மறுபடி மாட்டினேன். சத்தம் கொஞ்சம் தணிந்தது, நிற்கவில்லை.

கூலரைக் கழற்றுவது தனிக் கதை. ஏஎம்4-இல் ஊசிகள் சிப்பின் அடியில்தான் இருக்கும், சாக்கெட் அதை இறுகப் பிடித்துக்கொள்ளாது. சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசிய பழைய பேஸ்ட் காய்ந்து சிமெண்ட் மாதிரி ஆகியிருக்கும், கூலரை நேராக இழுத்தால் சாக்கெட்டின் லீவர் பூட்டியிருக்கும்போதே சிப்பும் பிய்ந்துகொண்டு கூடவே வந்துவிடும், ஊசி வளையும். கொஞ்ச நேரம் ஓர் ஆட்டத்தை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, கூலரை இடவலமாக மெதுவாகத் திருகுங்கள். பேஸ்ட் விட்டுக்கொடுப்பது கையில் தெரியும், அதற்கப்புறம்தான் தூக்க வேண்டும். பையனை விட்டுச் செய்யச் சொல்லாதீர்கள்.

"டவர் கூலர் ஒன்று வாங்கிப் போட வேண்டியதுதானே, இரண்டாயிரம் ரூபாய்தானே?" என்று கேட்பீர்கள். நியாயம். டவர் கூலர்கள் (உயரமாக நிற்கும் பெரிய கூலர்கள்) பல, போர்டோடு வரும் இரண்டு கறுப்புப் பிளாஸ்டிக் பிடிகளில்தான் கொக்கி மாட்டி நிற்கும். ஸ்பயர் கூலரை மாட்டும்போது அந்தப் பிடிகளைக் கழற்றியாக வேண்டும். 2018-இல் எனக்கு அசெம்பிள் செய்து கொடுத்த கடையில் கழற்றினார்கள், போர்டுப் பெட்டியில் போட்டுக் கொடுக்கவில்லை. பிறகு போய்க் கேட்டதற்கு, "அதெல்லாம் வேஸ்ட் சார், யாருமே கேட்க மாட்டாங்க" என்றார்கள். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக். சென்னை ரிச்சி தெருவில் செத்த போர்டுகளைக் குவித்து வைத்திருப்பவர்களிடம் கேட்டால் ஒருவேளை கிடைக்கும், ஆன்லைனிலும் தனியாக விற்கிறார்கள். தெரியும். ஆனால் இந்தப் பெட்டிக்கு இனி ஒரு ரூபாய்கூடப் போட மனசு வரவில்லை. ப்ராசஸர், கார்டு என்று முப்பதாயிரத்துக்கு மேல் போட்டவன் இரண்டாயிரத்துக்கு முறுக்கிக்கொள்கிறான் என்று மனைவி சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

கார்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 6600 அமைதியான பிறவி. 132 வாட்ஸ், ஒரே ஒரு எட்டு பின் இணைப்பு, பழைய 550 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ்ஸே (பவர் சப்ளை) போதும். பி350-இல் கார்டு மாட்டும் பிசிஐஇ இணைப்பு பழைய 3.0 தான் என்பதால் வேகம் கொஞ்சம் குறையும், 1080-இல் ஆடும்போது எனக்குத் தெரியவில்லை. நண்பனின் 1060-க்கு 2025 அக்டோபரோடு என்விடியாவின் கேம் ரெடி டிரைவர்கள் (புது ஆட்டங்களுக்கான மென்பொருள்) நின்றுவிட்டன, இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போலக் கணக்கிடுவது) வன்பொருள் இல்லாததால் 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் ஆட்டம் அதில் திறக்காது. ஆக அந்தக் கார்டுக்கு ஓய்வு கொடுக்கும் நேரம்தான். செகண்ட் ஹேண்ட் பார்க்கிறான் என்றால், 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் (கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓட்டி கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) நின்றபோது கொட்டித் தீர்த்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன, அதனால் கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லட்டும்.

ஆக, டேய், உனக்கு என் பதில்: மாற்றாதே. பயாஸ் போடு, 5600 போடு, 8 ஜிபி கார்டு ஒன்று போடு, உன் டிடிஆர்4 ராமைத் தொடாதே. அந்தக் கொட்டேஷனில் பாதிக்கும் கீழே முடியும். உன் பிளாஸ்டிக் பிடிகள் வீட்டில் இருக்கின்றனவா என்று முதலில் பார்.

நான் மட்டும் ராம் விலை இறங்குகிற அன்றைக்கே இதை விற்கப்போகிறேன். ஆமாம், திக்கல் இல்லை, கேட்கிற ஆட்டமெல்லாம் ஓடுகிறது, இன்னும் மூன்று வருடம் தாங்கும், எல்லாம் எனக்கே தெரியும். இதைத் தட்டச்சு செய்கிற நேரத்திலேயே அது எத்தனையோ தடவை ஏறி இறங்கிவிட்டது. போர்டு, 5600, ராம் மூன்றும் சேர்த்துத்தான் கொடுப்பேன், கார்டு எனக்கு வேண்டும். வாங்குகிறவர் தனக்குத் தானே பிடி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.