சுரண்டல் அட்டை: என் 2,380 வெள்ளி போச்சு

எழுதும்போதே வயிறு எரிகிறது. 2,380 மலேசிய வெள்ளி! போன சனிக்கிழமை பினாங்கு கொம்தாரில் பேருந்துக்கு நின்றிருந்த என்னையும் தங்கையையும் ஒரு பையன் மடக்கினான். பக்கத்திலேயே சமையல் சாமான் விற்கும் கடை. "சும்மா சுரண்டுங்கக்கா, காசு வேணாம்" என்று ஆளுக்கு ஓர் அட்டை நீட்டினான். இரண்டிலுமே 'சிறப்புப் பரிசு'.

உள்ளே உட்காரவைத்து மைலோ கலக்கிக் கொடுத்தார்கள். அப்புறம் அவன் கைப்பேசியில் கணக்குப் போட்டான். நூறு அட்டையில் ஒன்றுக்குத்தான் பரிசாம். 0.01-ஐ 0.01-ஆல் பெருக்கினால் 0.0001. "ரெண்டு பேருக்கும் சேர்ந்து விழறது பத்தாயிரத்துல ஒண்ணுதான்க்கா!" திரையை என் முகத்துக்கு நேரே பிடித்தான். அங்கேதான் கவிழ்ந்தேன். பெருக்கல் சரியாகத்தானே இருந்தது? பரிசு டிவியும் ஃபிரிட்ஜும். அதற்கு முன் ஒரு சட்டி செட் வாங்க வேண்டுமாம். வங்கிக் கார்டைக் கொடுத்துவிட்டேன்.

இடைநிலைப்பள்ளியில் படிவம் 4 படிக்கும் மகள் ஒரே நிமிடத்தில் போட்டு உடைத்தாள். "ரெண்டு காசு சுண்டினா ரெண்டும் தலை விழ கால்வாசி வாய்ப்பு. ஒண்ணு விழறது இன்னொண்ணைப் பாதிக்காது, அதனால பெருக்கலாம். அதுதான் சார்பற்ற நிகழ்வு. இங்க ரெண்டு அட்டையும் அவன் கையிலேர்ந்துதானே வந்துச்சு? நூத்துல ஒண்ணுங்கறதும் அவன் சொன்னதுதான். எல்லா அட்டையிலும் பரிசு அச்சடிச்சிருந்தா 1-ஐ 1-ஆல பெருக்கணும்மா, விடையும் 1, கட்டாயம் விழும்."

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இந்தச் சுரண்டல் அட்டையைப் பற்றி எத்தனையோ வருடமாகக் கத்துகிறது. நானும் படித்து, ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரித்தவள்தான்.

டிவி புதன்கிழமை வரும் என்றார்கள். புதன்கிழமை 'மேனேஜர் மீட்டிங்கில்'. வியாழக்கிழமை நேரில் போனால் அதே பையன், "வித்த சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் ஆன்ட்டி." சனிக்கிழமை அக்கா, வியாழக்கிழமை ஆன்ட்டி!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. அட்டையைக் கையில் வாங்காதீர்கள். பரிசுக்குக் காசு கேட்டால் எழுந்துவிடுங்கள். ரசீதில் கம்பெனிப் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கேட்டு மனுப் போடலாம், கட்டணம் 5 வெள்ளிதான். திங்கட்கிழமை போகிறேன். என் ரசீதில் 'சட்டி செட் 1, 2,380 வெள்ளி' என்பதைத் தவிர ஓர் எழுத்து இல்லை.