"தடுப்பூசி போட்டாச்சுக்கா" என்றவனை நம்பி 9,200 ரூபாய் போச்சு: நாட்டுக்கோழி வாங்குபவர்கள் படியுங்கள்

இன்று காலையில் இன்னொரு பெட்டையைப் புதைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். ஆத்திரம் தாங்கவில்லை.

மதுரை மாவட்டம் செக்கானூரணி பக்கம் எங்கள் வீடு. கொல்லையில் 13 கோழிகள் வைத்திருந்தேன். எல்லாம் அப்பத்தா வளர்த்த சிறுவிடை என்கிற நாட்டுக்கோழி இனத்தின் வழியில் வந்தவை. இன்னும் கொஞ்சம் சேர்க்கலாம் என்று, பழைய பைக்கிலிருந்து ஆடு மாடு வரை விற்கிற ஒரு செயலியில் தேடினேன். ஒரு வீடியோ வந்தது. வேப்பமரத்தடியில் 16 விடைக்கோழிகள், கொண்டை சிவந்து, கம்பு கொத்திக்கொண்டு. ஒன்று 550 ரூபாய்.

போனில் பேசியவன் அவ்வளவு பணிவாகப் பேசினான். "எல்லாத்துக்கும் தடுப்பூசி போட்டாச்சுக்கா. எங்க அம்மா வளர்க்கிற கோழி. கறிக்குக் கேட்டா தரமாட்டேன், நீங்க வளர்க்கக் கேக்குறீங்க, அதான் தர்றேன்." அந்தக் கடைசி வார்த்தையில்தான் விழுந்தேன். நேரில் வந்து பார்க்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தவள் அதோடு நிறுத்திக்கொண்டேன். கோழிக்கு 8,800, பஸ் பார்சலுக்கு 400. மொத்தம் 9,200 ரூபாயைப் போனிலேயே அனுப்பினேன்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கூடைகளை இறக்கும்போதே உள்ளிருந்து தும்மல் கேட்டது. உடனே போன் போட்டேன். "பயணக் களைப்புக்கா, தண்ணி வைங்க, சரியாயிரும்" என்றான். சரி என்று கொண்டுவந்து, என் கோழிகளோடு ஒரே கூட்டில் அடைத்தேன். ஒரே தண்ணீர்ச் சட்டி. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மறுநாள் மூக்கில் சளி. மூன்றாம் நாள் என் கோழிகளுக்கும் ஒட்டிக்கொண்டது. முகம் ஊதி, கண் ஒட்டி, மூக்கருகே போனாலே ஒரு நாற்றம். கண் தெரியாத கோழி தீனிக்கு முன்னால் நின்றுகொண்டே பட்டினி கிடக்கிறது. மடியில் வைத்துத் தண்ணீர் புகட்டினால் தொண்டையில் கொர்கொர் என்கிறது.

படம் எடுத்து அனுப்பினேன். "உங்க ஊர்த் தண்ணி சேரலை போல." அப்புறம், "சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைச்சுக் குடுங்க." அப்புறம், "வெளியூர்ல இருக்கேன், திங்கக்கிழமை பேசுறேன்." திங்கட்கிழமை என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டான். செயலியில் புகார் கொடுத்தால், விற்பவரும் வாங்குபவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே பதில் வந்தது. மூன்றாவது முறை, எத்தனை கோழி செத்தது என்று மட்டும் எழுதினேன். அதற்கும் அதே பதில்.

அதற்கப்புறம்தான் அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன். டாக்டர் முதலில் கேட்டதே, "புதுக்கோழி ஏதும் வாங்கினீங்களா?" என்றுதான். கொரைசா என்கிற தொற்றுச் சளி போலிருக்கிறது, பாக்டீரியாவால் வருவது என்றார். தடுப்பூசி போட்டதாகச் சொன்னார்களே என்றேன். "எந்த நோய்க்குன்னு கேட்டீங்களாம்மா?" நான் கேட்கவில்லை. ஊரில் கோழிக்குத் தடுப்பூசி என்றால் வெள்ளைக்கழிச்சலுக்குப் போடுவதுதான். அரசு மருந்தகத்திலேயே இலவசமாகப் போடுகிறார்கள். அது வைரஸ் நோய், அந்த ஊசி இந்தச் சளியைத் தடுக்காது. அவன் போட்டிருந்தாலும் பயனில்லை, போட்டிருப்பான் என்றும் நான் இப்போது நம்பவில்லை.

டாக்டர் கொடுத்த மருந்தைத் தண்ணீரில் கலந்து வைக்கிறேன், சிலதுக்கு வீக்கம் வடிகிறது. ஆனால் பிழைத்த கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டே இருக்குமாம், அடுத்து வாங்கி விடுகிற கோழிக்கும் அதனிடமிருந்து ஒட்டுமாம். 9,200 ரூபாயோடு போகவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. வந்த 16-இல் 9 போச்சு. என் 13-இல் 5 போச்சு. அடையில் இருந்த கருப்புப் பெட்டையும் அதில் ஒன்று. அதற்கடியில் வைத்த 11 முட்டையும் சில்லிட்டுக் கிடந்தன.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. நேரில் பார்க்காமல் காசு அனுப்பாதீர்கள். எந்த நோய்க்கு, எந்தத் தேதியில் ஊசி போட்டது என்று கேளுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். புதுக்கோழியை மூன்று நான்கு வாரம் தள்ளித் தனியாக அடையுங்கள், தண்ணீர்ச் சட்டியும் தனி. பழைய கோழிக்குத் தீனி வைத்துவிட்டு அப்புறம் புதுசுக்குப் போங்கள். தும்மல் கேட்டால் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். மதுரைக்காரர்களுக்குத் திருப்பரங்குன்றத்திலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, வாங்குவதற்கு முன்னால் அங்கே போய்க் கேளுங்கள்.

அந்த வீடியோ இன்னும் செயலியில் இருக்கிறது. வேப்பமரம், பின்னால் ஒரு நீல டிரம், இடது ஓரத்தில் வெள்ளைச் சேவல் ஒன்று நொண்டிக்கொண்டு போகும். விலையை 500 ஆக்கியிருக்கிறான்.