நழுவாத நடன உடை: உள்ளே தைப்பதா, மேலே ஒட்டுவதா?

புதுச்சேரியில் ஜோடியாக ஆடும் மேலைநாட்டு பால்ரூம் நடனத்துக்கு உடை தைக்க வேண்டுமென்றால், பரதநாட்டிய உடை தைத்துப் பழகிய தையற்காரரிடம் போவதே நல்லது. உடுத்துகிறவர் அசையாமல் நிற்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு வேறுபாட்டை முதலிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும். பரத உடையில் ரவிக்கை தனி, இடுப்புக்குக் கீழே கால்சட்டையும் விசிறி மடிப்பும் தனி. கையைத் தூக்கினால் ரவிக்கை மட்டும் சற்று ஏறும், அதையும் மேலாக்கு மறைத்துவிடும். பால்ரூம் உடையோ தோளிலிருந்து பாவாடை விளிம்பு வரை ஒரே உடுப்பு. வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் ஆடும்போது பெண்ணின் கைகள் ஏறக்குறைய தோள் உயரத்திலேயே நிற்கின்றன. கைக்குழி தாழ்வாக வெட்டப்பட்டிருந்தால் கையோடு சேர்ந்து இடுப்பும் பாவாடையும் மேலே ஏறும். எனவே கைக்குழியை அக்குளுக்கு மிக நெருக்கமாக வெட்டி, அங்கே இழுபடும் துணியில் ஒரு சிறு துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். இதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை. மற்ற எல்லாவற்றிலும் உண்டு.

உடையை உடம்போடு நிறுத்த இரண்டு வழிகள். ஒன்று, வழக்கமான உள்ளாடைகளை அணிந்து அதன்மேல் உடையைப் போட்டு, நழுவும் இடங்களில் ஊக்கும் இருபக்க ஒட்டுநாடாவும் வைப்பது. இன்னொன்று, உடையின் மேற்பாகத்தையே நீச்சலுடை போன்ற பாடிசூட்டாகத் தைத்து, இடுப்புக்கோட்டில் பாவாடையை இணைப்பது.

முதல் வழியின் ஒரே பலம் செலவு குறைவு என்பதுதான். அலமாரியில் இருக்கும் கவுனையே பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் ஒட்டுநாடா பிடிக்க வேண்டுமானால் தோல் காய்ந்தும் எண்ணெய்ப் பசையின்றியும் இருக்க வேண்டும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில், ஏ.சி. திணறும் கூடத்தில், அந்த நிபந்தனை எத்தனை நிமிடம் தாங்கும்? உடம்பில் தேங்காய் எண்ணெயோ லோஷனோ தடவும் பழக்கமிருந்தால் நாடாவை வாங்குவதே வீண். ஊக்கு இன்னும் மோசம். இழுபடும் லைக்ரா துணியில் குத்தினால் இழை அறுந்து ஓட்டை ஓடும். போதாததற்கு, ஜோடியாக ஆடுபவரின் வலது கை பெண்ணின் இடது தோள்பட்டை எலும்பின்மேல் இருக்கிறது. அங்கே ஊக்கு திறந்துகொண்டால் யாருக்குக் குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. விருந்தில் ஒரே ஒரு மெதுவான வால்ட்ஸ் ஆடிவிட்டு உட்காரப்போகிறவருக்கு இந்த வழி போதும். ஜைவ், குவிக்ஸ்டெப் போன்ற வேகமான ஆட்டம் என்றால் வேண்டாம்.

பாடிசூட்டின் சூட்சுமம் எளிது. கால்களுக்கு இடையே செல்லும் துணி உடையைக் கீழிருந்து பிடித்துக்கொள்கிறது. அதனால் மேலேற வழியில்லை. லத்தீன் நடனங்களில் சுழலும்போது பாவாடை எழும்பினாலும் உள்ளே தெரிவது உடையின் அதே துணிதான், கூச்சத்துக்கு வேலையில்லை. ஆனால் இதற்கு ஓர் அளவு தேவை. ரவிக்கை, சுடிதார் தைப்பவர்கள் அதை எடுப்பதே இல்லை: தோளின் நடுவில் தொடங்கி, முன்பக்கமாக இறங்கி, கால்களுக்கு இடையே சென்று, முதுகு வழியாக அதே தோளுக்கு வந்து சேரும் முழுச் சுற்றளவு. இது குறைந்தால் தோளில் வார் வெட்டும், கூடினால் மார்பில் தொளதொளக்கும். டேப்பைக் கையில் எடுத்ததும் நீங்களே நினைவூட்டுங்கள். தையலும் நேர்த்தையலாக இருக்கக் கூடாது. துணி இழுபடும்போது நூல் அறுந்துவிடும். ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக், அதுவும் முனை மழுங்கிய ஊசியில்.

குறை இல்லாமல் இல்லை. கழிவறைக்குப் போவது பெரிய வேலை. கீழே கொக்கி வைத்துத் திறக்கும்படி தைக்கலாம். பிரஸ் பட்டன் மட்டும் வேண்டாம். காலை அகட்டி வைக்கும் அசைவில் அது பட்டென்று விட்டுக்கொள்ளும்.

துணி விஷயத்தில் ஊர் வழக்கத்துக்கு எதிராகப் பேச வேண்டியிருக்கிறது. வெயிலுக்குப் பருத்திதான் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்றாட உடைக்கு அது சரி. திருப்பூர் காட்டன் லைக்ரா தொட்டால் இதமாகவும் இருக்கிறது. ஆனால் அது வியர்வையைக் குடித்துத் தேக்கிக்கொள்ளும், கனக்கும், தொய்யும். தொய்ந்த பாடிசூட் பாடிசூட்டே அல்ல. நைலான் லைக்ரா சீக்கிரம் காய்கிறது, பழைய அளவுக்கே திரும்புகிறது. நாலாபக்கமும் இழுபடும் வகையைக் கேட்டு வாங்குங்கள். நேரு வீதிக் கடைகளில் நீங்கள் தேடும் நிறம் கிடைக்காவிட்டால் சென்னை சௌகார்பேட்டைக்கு ஒரு நடை போய்வருவது பலன் தரும்.

அடுத்தது கழுத்தும் முதுகும். தோளில்லாத தோற்றம் வேண்டும், ஆனால் உடை விழக் கூடாது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வார் மலிவுதான். வியர்வையில் வழுக்கும், தோலில் கோடு போடும், விளக்கொளியில் பளபளத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இழுபடும் தோல்நிற நெட் எல்லா வகையிலும் மேல். மார்பிலிருந்து கழுத்து வரையிலும் முதுகிலும் பரவி எடையைப் பங்கிட்டுக்கொள்கிறது. தூரத்தில் இருப்பவருக்கு வெறும் தோலாகவே தெரிகிறது. ஒரே சிக்கல், ‘தோல்நிறம்’ என்று கடையில் விற்பது யாருடைய தோலின் நிறம் என்பதுதான். நம்மில் பலருக்கு அது சுண்ணாம்பு பூசியதுபோல் நிற்கும். நைலான் நெட்டாக இருந்தால் கெட்டியான டீ டிகாக்‌ஷனில் ஊறவைத்து நிறத்தை இறக்கலாம். முதலில் ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள். பாலியெஸ்டரில் இந்த வித்தை பலிக்காது.

மார்புத் தாங்கலுக்கு உடையிலேயே தைத்த கப்தான் என் தேர்வு. தனி பிரா அணிந்தால் வார் எட்டிப்பார்க்கும். சிலிக்கான் ஒட்டுக் கப்புக்கு நான் ஒட்டுநாடாவுக்குச் சொன்ன அதே வியர்வைக் கதைதான். முதுகில் ஜிப் வைத்தால் அதன் ஓரத்தில் இழுபடாத மெல்லிய பட்டி ஒன்றைச் சேர்த்துத் தைக்க வேண்டும். இல்லையென்றால் துணி அலையலையாக நெளியும். ஜிப்பின் தலையில் ஒரு கொக்கியும் கட்டாயம்.

முழு உடைக்கு மாற்றாக மூன்றாவது ஒன்றும் உண்டு: பாடிசூட் தனி, பாவாடை தனி. பாவாடையின் இடுப்பில் இழுபடாத பட்டை, சுழலாமலிருக்க பாடிசூட்டோடு நாலு இடத்தில் கொக்கி. பார்வைக்கு முழு உடையின் நேர்த்தி வராது. போட்டிக்குப் போகிறவர்கள் ஏற்கமாட்டார்கள். கற்றுக்கொள்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். பாடிசூட்டை அன்றாடம் அலசலாம், பாவாடையைத் தொடவே வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கனத்த பாவாடை காய்வதற்குள் அடுத்த வகுப்பு வந்துவிடும்.

பாவாடை நீளத்தைச் செருப்போடுதான் அளக்க வேண்டும், ஆடும் குதிகாலோடு. வால்ட்ஸ் பாவாடை கணுக்காலுக்கு மேலேயே முடியட்டும்; பின்னோக்கி அடிவைக்கும்போது தரையில் புரளும் விளிம்பைக் குதிகால் மிதித்துவிடும்.

கல் ஒட்டுவதைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் வெறும் உடையில் கை தூக்கி, பக்கவாட்டில் வளைந்து, குந்தி, குதித்துப் பார்த்துத் திருத்தங்களை முடித்துவிடுங்கள். பிறகு உடையை உடம்பிலோ பொம்மையிலோ மாட்டி, துணி இழுபட்ட நிலையில், காய்ந்த பின்னும் வளைந்துகொடுக்கும் பசையால் ஒட்டச் சொல்லுங்கள். மேசையில் பரப்பி ஒட்டிய கற்கள் உடையை மாட்டும்போதே உதிரத் தொடங்கும். அக்குளிலும் கையின் உட்புறத்திலும் கல் வேண்டாம். ஜோடியின் கை படும் இடது தோள்பட்டையில் கம்பிக் கொக்கி வைத்த கல் கூடவே கூடாது; அங்கே தட்டையான அடியுள்ள சிறு கற்கள் போதும்.