இருபது ரூபாய்க் காசுப் பை பிரித்து நாலு வருஷம்: என் அனுபவம்

போன வாரம் நண்பர் ஒருவர் போன் பண்ணிக் கேட்டார், "பேங்க்ல இருபது ரூபாய் காசு சீல் பையோட தர்றாங்களாம், ஒரு பை வாங்கிப் போடவா?" வேண்டாங்க, சேகரிச்சு வைக்கிற மாதிரி நூத்துல பத்து தேறினா அதிகம், மத்ததெல்லாம் அடிபட்டிருக்கும் என்றேன். சீல் பிரிக்காத பையில் எப்படி அடிபட்ட காசு இருக்கும் என்று அவருக்குக் கோபமே வந்துவிட்டது. நாலு வருஷம் முன்னால் நானும் இப்படித்தான் கேட்டிருப்பேன்.

அன்று நான் வாங்கிய பையில் நூறு காசு, இரண்டாயிரம் ரூபாய், எடை எண்ணூற்றைம்பது கிராமுக்குக் கொஞ்சம் மேலே. வீட்டுக்கு வந்து துண்டை விரித்துக் கொட்டினேன் (கொட்டியதே தப்பு, அது அப்புறம்தான் புரிந்தது). வெறும் கண்ணுக்கு எல்லாம் தகதகவென்றுதான் இருந்தன. பத்து மடங்கு லென்ஸை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தால், சிங்கத் தூணுக்குப் பக்கத்து வெற்றிடத்தில் நகம் பதிந்த மாதிரி பிறைப் பிறையாகத் தழும்பு. அடுத்ததிலும் அப்படியே. அச்சடித்த காசு மிஷினிலிருந்து தொட்டியில் மற்ற காசுகள் மேல் விழுகிறது, எண்ணும் மிஷினில் உருள்கிறது, பையில் அடைபட்டு லாரியில் குலுங்குகிறது. எட்டரை கிராம் காசு, அதுவும் பன்னிரண்டு மூலையோடு, நூறு பேர் ஒரே பையில் இருந்தால் வேறென்ன ஆகும்? சேகரிப்பவர்களுக்கென்றே தனியாக அடிக்கும் ப்ரூஃப் காசு மாதிரி ஒவ்வொன்றாகக் கையாள இது ஒன்றும் விற்பனைக்கு அடிப்பதில்லை, கடையில் புழங்க அடிப்பது. அதில் குறை சொல்ல நியாயமில்லைதான்.

எனக்கு எரிச்சல் 'யூஎன்சி' என்ற சொல்லின் மேல். புழக்கத்துக்குப் போகாதது என்றுதான் அதற்கு அர்த்தம், கீறல் இல்லாதது என்று இல்லை. காசின் நிலைமைக்குப் போடும் 1 முதல் 70 வரையிலான தர மதிப்பில் 60லிருந்து 70 வரை எல்லாமே புழங்காத காசுதான், ஆனால் 60 என்பது முகமெல்லாம் தழும்பு. இங்கே எதற்கு வேண்டுமானாலும் யூஎன்சி என்று ஒட்டி நாலு மடங்கு விலை சொல்கிறார்கள். கோடிக்கணக்கில் அடிக்கிற காசில் அரிது என்று ஏதாவது இருந்தால் அது நிலைமை மட்டும்தான், அதையும் பார்க்காமல் வாங்கினால் கல்லாவில் கிடப்பதையே வாங்கலாம்.

சரி, என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். தேறிய ஒன்பதில் ஒன்றின் மஞ்சள் நடுவில் ஆறு மாதம் கழித்து பழுப்பாக ஒரு பெருவிரல் ரேகை எழுந்து வந்தது. என்னுடையதுதான். அதற்கும் முன்னால், 2009இல் வந்த அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாயை, தமிழ்க் கையெழுத்து போட்ட அந்த மஞ்சள் காசை, அம்மா குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். பளபளவென்றுதான் இருந்தது. ஆனால் செத்த பளபளப்பு.

உயிருள்ள பளபளப்பு எப்படி இருக்கும் என்று அந்தப் பையில்தான் பார்த்தேன். நல்ல காசை மெதுவாகத் திருப்பினால் வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரம் மாதிரி கூடவே சுற்றும். அச்சு அழுத்தும்போது உலோகம் ஓரத்தை நோக்கி ஓடிய தடம் அது. ஒரு முறை போனால் புளியோ விபூதியோ பாலிஷோ எதைப் போட்டாலும் திரும்பாது. ராத்திரி பத்து மணிக்கு டேபிள் விளக்கின் கீழ் அதைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்து வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன்.

மிச்சத் தொண்ணூற்றொன்றையும் காய்கறிக் கடையில் தள்ளிவிட்டேன். நல்லவேளை, பத்து ரூபாய்க் காசுக்கு நடந்த பஞ்சாயத்து இதற்கு இல்லை.

மொத்தத்தில் மெனக்கெடலுக்குத் தகுந்த பலன் இல்லை, பை வாங்காதீர்கள், கண்ணால் பார்த்து ஒற்றைக் காசு வாங்குங்கள். நண்பரிடமும் அதையேதான் சொன்னேன். ஆனால் என்னிடம் இருக்கும், ஹைதராபாத் நாணயச்சாலையில் அடித்த காசு ஒன்றுகூட உருப்படி இல்லை. அதனால், மீறி வாங்கினால் பாலிதீன் வழியாகவே வருஷத்துக்குக் கீழே ஹைதராபாத் அடையாளமான நட்சத்திரம் தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் பிரிக்காமல் நேரே இங்கே கொண்டு வாருங்கள், துண்டு நான் விரித்து வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.