கோவை முதியோர் குடியிருப்பும் ஒரு சிவப்புக் கயிறும்

கோயம்புத்தூரைச் சுற்றி இப்போது எந்த ரோட்டில் போனாலும் ஓய்வுபெற்றோர் குடியிருப்பு விளம்பரப் பலகை ஒன்றாவது கண்ணில் படும். பொதுச் சாப்பாட்டுக் கூடம், பிள்ளையார் கோயில், நடைபாதை, வாராவாரம் வரும் டாக்டர் எல்லாம் சொன்னபடியே இருக்கின்றன. காபியும் நம்ம ஊர் டிகாக்‌ஷன்தான். அதையெல்லாம் அவர்கள் அனுப்பும் வீடியோவிலேயே பார்த்துக்கொள்ளலாம். லண்டனிலோ டொரொன்டோவிலோ உட்கார்ந்துகொண்டு அப்பா அம்மாவுக்கு வீடு பிடிப்பவர்களுக்கு அந்த வீடியோவில் தெரியாதது, பாத்ரூமில் தொங்க வேண்டிய சிவப்புக் கயிறு.

விழுந்தால் உதவிக்கு மணி அடிக்க இழுக்க வேண்டிய கயிறு அது. அண்மையில் பார்த்த ஒரு குடியிருப்பில், மாதிரி வீட்டுப் பாத்ரூமில் அது தரையைத் தொடும் அளவுக்கு அழகாகத் தொங்கியது. ஆள் குடியிருக்கும் வீடுகளில்? ஒன்றில் டவல் கம்பியில் நாலு சுற்றுச் சுற்றியிருந்தது. இன்னொன்றில் கெய்சருக்குக் கீழே, தோள் உயரத்தில் கொண்டை போட்டுவைத்திருந்தார்கள். அந்த உயரத்துக்குக் கை எட்டுகிறவருக்குக் கயிறே தேவையில்லை. வீடு துடைக்க வரும் அம்மாவைக் கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: "தண்ணி ஊத்திக் கழுவறப்ப நனைஞ்சு கருப்பாயிடுதுங்க. அதுல கை பட்டா மணி அடிச்சு செக்யூரிட்டி வேற சத்தம் போடறாரு. அதான் மேல கட்டிட்டேன்."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பாத்ரூம் மூலைக்கு மூலை நனைகிற பாத்ரூம். அதில் பருத்திக் கயிற்றைத் தரை வரை விட்டால் ஒரு மாதத்தில் பாசி பிடிக்கும். துடைத்தால் அழுக்குப் போகிற நைலான் கயிறோ பிளாஸ்டிக் உறை போட்டதோ வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. இங்கிலாந்தில் பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைக்கு விதியே இருக்கிறது: கயிற்றில் 50 மி.மீ. விட்டத்தில் இரண்டு சிவப்பு வளையம். ஒன்று தரையிலிருந்து 100 மி.மீ. உயரத்தில், மற்றது 800 முதல் 1000 மி.மீ.க்குள். கீழ் வளையம் தரையில் கிடப்பவருக்கு, மேல் வளையம் கமோடில் உட்கார்ந்திருப்பவருக்கு. வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். அங்கேயும் கட்டித்தான் வைக்கிறார்கள். கட்டாதே என்று எழுதிய அட்டையைக் கயிற்றில் மாட்டச் சொல்லி ஒரு தொண்டு அமைப்பு கொடுத்துவருகிறது.

சரி, கயிற்றை அவிழ்த்து இழுத்தாயிற்று. மணி எங்கே அடிக்கிறது? பெரும்பாலும் கேட்டில், செக்யூரிட்டி கூண்டில். அங்கே உள்ள பலகையில் வீட்டு எண்ணுக்கு நேராக விளக்கு எரியும். அவர் நர்ஸுக்குப் போன் செய்வார். நர்ஸ் வருவார், கதவைத் தட்டுவார். பொய் மணி பத்து அடித்த பிறகு பதினோராவதுக்கு யாரும் ஓடிவர மாட்டார்கள், அது மனித சுபாவம். ஆகவே மணியை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கூண்டிலேயே இருந்தால் தூக்கக் கலக்கத்தில் அமர்த்திவிட்டுப் போய்விடலாம். அந்தப் பாத்ரூமுக்குள் வந்து அமர்த்தினால்தான் நிற்கும் என்று இருக்க வேண்டும்.

வயர்லெஸ் மணி என்றால் இன்னும் இரண்டு கேள்வி. பொத்தானுக்குள் 12 வோல்ட் சின்னப் பேட்டரியோ காசு வடிவப் பேட்டரியோ இருக்கும். கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று தேதி போட்ட ஸ்டிக்கர் உண்டா? சிக்னலை வாங்கி அனுப்பும் பெட்டி எந்த பிளக்கில் இருக்கிறது? யுபிஎஸ் இணைப்பு இல்லாத பிளக்கில் இருந்தால், கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் வரை அது செத்த பெட்டி. இருட்டில்தான் ஆள் விழுவார் என்பதை மின்சார வேலை செய்தவர் யோசிக்கவில்லை. கழுத்தில் மாட்டும் பொத்தானும் தருகிறார்கள். அது சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் பத்திரமாகத் தொங்குகிறது.

நர்ஸ் வாசலுக்கு வந்தாயிற்று. அடுத்தது தாழ்ப்பாள். நம் பெரியவர்கள் ராத்திரி கதவு சாத்தும் முறை உங்களுக்குத் தெரியும்: கிரில் கேட்டுக்கு உள்பக்கம் பூட்டு, மரக்கதவுக்கு மேல் தாழ்ப்பாள், கீழ்த் தாழ்ப்பாள். மேனேஜரிடம் இருக்கும் மாஸ்டர் சாவி இதில் எதையும் திறக்காது. தாழ்ப்பாளைக் கழற்றலாமே என்றால் அங்கே ஒரு பாட்டி, "தாழ்ப்பாள் போடாம எப்படிக் கண்ணு தூக்கம் வரும்?" என்கிறார். அறுபது வருஷப் பழக்கம், அவரிடம் வாதாடிப் பயனில்லை. லண்டனில் பல முதியவர்கள் வீட்டில் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் எண் பூட்டுப் போட்ட சின்னப் பெட்டிக்குள் சாவி இருக்கும். உதவிக்கு வருகிறவருக்கு எண்ணைச் சொன்னால் போதும். நம் ஊர்த் தெருவில் அதை மாட்டினால் பெட்டியோடு காணாமல் போகும். ஆனால் கேட்டும் காவலும் உள்ள இடத்தில் தாராளமாக மாட்டலாம்.

செய்யக்கூடியது இதுதான். மரக்கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் எடுத்துவிட்டு, உள்பக்கம் திருகும் குமிழும் வெளிப்பக்கம் சாவித் துளையும் உள்ள பூட்டுப் போடுங்கள். திருப்பினால் கனமாக உள்ளே விழும் சத்தம் கேட்க வேண்டும், அந்தச் சத்தத்தில்தான் பாட்டிக்குத் தூக்கம் இருக்கிறது. இரண்டு பக்கமும் சாவி போடும் பூட்டு வேண்டாம். உள்ளே சாவியைச் செருகியபடி விட்டால் பல பூட்டுகளில் வெளிச்சாவி நுழையாது. கிரில் பூட்டின் மாற்றுச் சாவியை உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டு, ராத்திரி ஆள் இருக்கும் இடத்தில் கொடுங்கள். பூட்டிக்கிடக்கும் மேனேஜர் அறையில் அல்ல. பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறந்தால், விழுந்தவர் உடம்பே கதவுக்கு முட்டுக்கொடுத்துவிடும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் மேனேஜரிடம் மட்டும் சொல்லிவிட்டு ராத்திரி 11 மணிக்கு மேல் ஒருமுறை கயிற்றை இழுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். யார் வருகிறார், கையில் சாவி இருக்கிறதா, வந்தவருக்குத் தூக்கிவிடத் தெரிகிறதா, ஆம்புலன்ஸ் டிரைவர் ராத்திரி உள்ளே இருக்கிறாரா, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுத்தபடி நுழைகிறதா என்று வரிசையாகப் பார்த்துவிடலாம்.

இத்தனைக்கும் அதே குடியிருப்பில் வாய்விட்டுப் பாராட்ட வேண்டிய ஒன்று, விளம்பரத்தில் இல்லாதது. காலை டிபனுக்கு வராதவர் யார் என்று பரிமாறுகிறவருக்கே தெரிகிறது. எட்டரை தாண்டினால் இன்டர்காமில் கூப்பிடுகிறார், எடுக்காவிட்டால் பையனை அனுப்புகிறார். பால் பாக்கெட் வாசலிலேயே கிடந்தால் எதிர்வீட்டு அக்கா வந்து தட்டுவார்களே, அந்த வழக்கம் இங்கே தப்பிப் பிழைத்திருக்கிறது. இங்கிலாந்தில் சில முதியோர் குடியிருப்புகளில் இதற்கு 'நலமாக இருக்கிறேன்' என்று தினமும் அழுத்த ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். இட்லி பரிமாறுகிறவர் அதைவிட நம்பகமானவர். டிபனை அறைக்கே வரவழைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் இந்தக் கண்காணிப்பு கிடைக்காது.

மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதலில் கட்டுநர், சேவை நடத்துபவர், வாங்குபவர் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தம் சொல்லப்பட்டிருக்கிறது. மணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வரும், ராத்திரி நர்ஸ் வளாகத்திலேயே இருப்பாரா அல்லது கூப்பிட்டால் வருவாரா என்பதை அதில் எழுதிக் கேளுங்கள். 'நர்ஸ் வசதி உண்டு' என்ற வரி இரண்டுக்கும் பொருந்தும். பூட்டு விஷயத்துக்கு மேனேஜர் சொன்ன பதில்: "மாத்திக்கலாங்க சார், செலவு உங்களது. ஆனா வெளியில இருந்து பார்த்தா எல்லாக் கதவும் ஒரே மாதிரி இருக்கணும்."