இடது பின்களமா, வலது பின்களமா?

பள்ளி ஹொக்கியில் 15 வயதுப் பெடியனைக் கழக அணிக்குக் கணிக்கும்போது நாங்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் பார்க்கிறோம். மட்டையின் உருண்ட முதுகில் பந்து படக்கூடாது, இடக்கைக்காரருக்குத் தனி மட்டையும் கிடையாது. ஆகவே பின்களத்தில், அதாவது கோலுக்கு முன்னால் தடுத்தாடும் இடத்தில், எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது முக்கியம்.

வலது பின்களத்தில் எல்லைக்கோட்டோரம் ஓடிவரும் எதிராளி முன்மட்டைப் பக்கமே, அதாவது மட்டையைத் திருப்பாமல் தட்டை முகத்தால் ஆடக்கூடிய வலப்பக்கமே, வருவார். பந்தை உள்ளே, இடப்புறம் தள்ளுவதும் இயல்பு. இடதில் இரண்டுமே தலைகீழ். மட்டையைத் திருப்பித் தடுக்க வேண்டும். உள்ளே கொடுக்கப் பந்தைச் சுற்றிக் கால்வைத்துத் தோளைத் திருப்ப வேண்டும். கால் பிந்தினால் பந்து எதிரணிக்கு. கால்வேலை சுத்தமான பிள்ளைக்கே இடது. அடி பலமாயிருந்து கால் மந்தமானவர் வலதில் தப்புவார்.

யாழ்ப்பாணத்துப் புல்தரையில் பந்து துள்ளுவதால் திருப்புமட்டை தவறும். அதை வைத்து ஒருவரையும் கழிக்காதீர்கள். கொழும்புக்குப் போகும்போதாவது செயற்கைத் தரையில் விட்டுப் பாருங்கள்.