மொனாட்நாக் மலையில் மார்ச் பனி: மைக்ரோஸ்பைக்ஸ், சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பூட்ஸ் அடியில் மாட்டிக்கொள்ளும் மைக்ரோஸ்பைக்ஸ் ஒரு ஜோடி சில குளிர்காலங்களாக என்னிடம் இருக்கிறது. ஒரு ரப்பர் பட்டை, அதில் கோத்த ஸ்டீல் சங்கிலி, சங்கிலியில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஆணிகள். அவ்வளவுதான் பொருள். பெட்டிமேல் என்னவோ பெரிய பனிச்சிகரம் படம் போட்டிருந்தது. நான் போவதோ அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள மொனாட்நாக். உயரம் 3,165 அடி. பூங்கா அலுவலகத்திலிருந்து ஒயிட் டாட் பாதையில் ஏறினால் உச்சிக்குச் சுமார் இரண்டு மைல்தான்.

இந்த ஆணிகள் எப்படி என்று யாராவது கேட்டால், எத்தனை மணிக்கு ஏறப் போகிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்பேன். மார்ச்சில் பகல் வெயிலுக்குப் பனி உருகி, பாறைமேல் தண்ணீராக வழிகிறது. ராத்திரி அதுவே கண்ணாடியாக உறைந்துவிடும். கூட்டம் மிதித்து இறுகிய பாதையும் கல்லாகிவிடும். காலையில் வெறும் பூட்ஸோடு அதில் நிற்கவே முடியாது; ஆணி மாட்டினால் சரக் சரக்கென்று கடித்துக்கொண்டு ஏறும். ஒயிட் டாட்டில் முதல் பகுதி சாதுவானது. அதைத் தாண்டிச் செங்குத்தான பாறைகள் வரும் இடத்தில்தான் போட்ட காசுக்கு மதிப்பு தெரிகிறது.

மதியத்துக்கு மேல் கதையே வேறு. பனி கொழகொழவென்று ஆகி, சங்கிலிக்கு அடியில் உருண்டையாக அப்பிக்கொள்ளும். ஆணி தரையைத் தொடாது. ஹீல்ஸ் போட்ட மாதிரி தள்ளாட வேண்டியதுதான். நாலடிக்கு ஒருமுறை கம்பால் தட்டிவிட்டே இறங்க வேண்டும். இன்னொரு தொல்லை, ஓரத்துப் பனி முதலில் இளகிவிடுவது. மிதிபட்ட நடுப்பகுதி மட்டும் ஒடுக்கமாக, உயரமாக நிற்கும். அங்குள்ளவர்கள் அதை மோனோரெயில் என்பார்கள். அதிலிருந்து ஓர் அடி விலகினால் கால் தொடைவரை உள்ளே போய்விடும். அதற்குப் பனியில் புதையாமல் நடக்க மாட்டும் அகலமான ஸ்னோஷூதான் சரி, ஆணியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் விடிந்ததும் ஏறி, மதியத்துக்குள் கீழே வந்துவிடுவதுதான் என் வழக்கம்.

உச்சிப் பக்கம் மரமே கிடையாது. உயரம் காரணமில்லை; சுமார் இருநூறு வருடத்துக்கு முன் மூட்டிய தீயில் காடு எரிந்து, மண்ணும் அரித்துப்போய் வெறும் பாறை மிஞ்சிவிட்டது. காற்று அங்கே பனியை ஒரேயடியாகத் துடைத்துவிடும். பத்தடி பாறை, பத்தடி ஐஸ், மறுபடி பாறை. ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டப் பொறுமை இல்லாமல் ஆணியோடே நடப்பேன். ஸ்டீல் பாறையில் கீச்சிடும் சத்தம் பல்லைக் கூசவைக்கும், முனையும் மழுங்கும். என்னுடையவை இப்போது பாதி மொட்டை. அரம் போட்டுக் கூராக்கினால் கொஞ்ச நாள் ஓடுகிறது. சொல்ல மறந்துவிட்டேன், வழிகாட்டும் அடையாளம் பாறைமேல் பூசிய வெள்ளைப் புள்ளி. வெள்ளைப் பனியில் அதைத் தேடிப் பாருங்கள், கஷ்டம் தெரியும்.

தேய்மானத்தில் முதலில் போனது ரப்பர். கட்டைவிரல் பக்கம் சங்கிலி மாட்டும் ஓட்டையில் ஒரு கிழிசல் விழுந்தது. கம்பெனிக்குப் படம் அனுப்பினேன். பயன்பாட்டுத் தேய்மானம், உத்தரவாதத்தில் வராது என்று ஒற்றை வரியில் பதில். சரி என்று ஜிப் டை என்கிற பிளாஸ்டிக் கட்டுப்பட்டை ஒன்றைப் போட்டுக் கட்டினேன், இன்னும் தாங்குகிறது. வீட்டுக்கு வந்ததும் கழுவி, செய்தித்தாள்மேல் விரித்து உலர்த்தாவிட்டால் துரு எட்டிப்பார்க்கும். ஈரத்தோடு பையில் போட்டு மறந்துவிடாதீர்கள்.

பெரிய குறை என்றால், சாய்வில் குறுக்காக இறங்கும்போது மொத்தமும் பூட்ஸிலிருந்து பக்கவாட்டில் நழுவுவது. அடுத்த ஜோடி பாதத்துக்குமேல் வெல்க்ரோ பட்டை வைத்ததாகத்தான் வாங்குவேன். அளவு பார்க்கும்போது குளிர்கால பூட்ஸையே கடைக்குப் போட்டுக்கொண்டு போங்கள், சாதாரண ஷூவுக்குச் சரியாக இருப்பது அதற்கு ஏறாது. ஏப்ரலில் அடிவாரம் வெறும் சேறாக இருக்கிறதே என்று ஆணிகளைக் காரிலேயே விட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன். மரநிழலில் இருக்கும் ஐஸ் அவ்வளவு சீக்கிரம் போகாது.